காப்புக் கட்டிய கையும் கர்லாக்கட்டையும்

மகனே,

இதை எழுதுவது நான்தான். வேறு யாரையும் வைத்து எழுதவில்லை. கையெழுத்து கோணலாக இருக்கிறதே, அப்பாதான் எழுதினாரா என்று சந்தேகப்படாதே. நம் வீட்டில் அந்த வேலைக்கு நான் ஒருவன் போதும். தபால்காரன் பிரித்துப் படித்துவிடக் கூடாது என்று உறையின் நான்கு ஓரமும் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டியிருக்கிறேன். சோற்றில் வலு இல்லை என்று சொல்லும் உன் குஸ்தி வாத்தியாரிடம் கொடுத்து, முடிந்தால் கிழியாமல் பிரிக்கச் சொல்லிப் பார். வருகிற செவ்வாய்க்கிழமை ஊரில் காப்புக் கட்டுகிறார்கள். நேற்று சாவடியில் ஊர்ப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "முன் வாரைக்கு ஒம் மகன் வாரானா, இல்ல ஒந் தம்பி மகனப் போட்டுறவா?" என்று கேட்டார். செவ்வாய் வரைக்கும் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆத்தாளின் சப்பரத்தைத் தோளில் தூக்கும் முன் வாரையின் இடது பக்கம் என் தகப்பனார் தோளில் இருந்தது, பிறகு என் தோளில் இருந்தது, போன வருஷம் முதல் முறையாக உன் தோளுக்கு வந்தது. அது கைமாறிப் போய்விட்டால் திரும்ப வாங்குவது லேசில்லை. அதனால்தான் மனதில் இருப்பதை எல்லாம் இங்கே கொட்டுகிறேன். முழுதும் படித்துவிட்டு முடிவு செய்.

என் குணம் உனக்குத் தெரியும். பால்காரன் முன்னால் செம்பை நீட்டும்போதே தண்ணீர் கலந்துவிட்டானோ என்று நினைப்பேன். வைத்தியர் கொடுத்த சூரணத்தை முதலில் அவர் வாயிலேயே ஒரு சிட்டிகை போடச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவுக்குத் தாலி கட்டும்போதுகூட, பெண் பார்த்த அன்று பார்த்த முகம்தானா என்று குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போட்டேன். கல்யாண வீடே சிரித்தது. அவள் அதை இன்னும் மறக்கவில்லை. இந்தக் குணத்தால் நான் ஏமாந்தது குறைவு. ஆனால் நிம்மதியாகத் தூங்கியதும் குறைவு. உனக்கு இந்தக் குணம் வரவில்லை. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாய், நம்பியதற்காக வாக்கும் கொடுத்துவிடுவாய், கொடுத்த வாக்கை உயிர் போனாலும் மீறமாட்டாய். அதை நினைத்து நான் பெருமைப்பட்டதும் உண்டு, பயந்ததும் உண்டு.

மதுரை மில் வேலைக்குப் போய்ச் சில மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, உன் அம்மா போட்ட சோற்றை வட்டிலோடு தள்ளி வைத்தாயே, அன்றைக்கு ஆரம்பித்தது. குஸ்திப் பள்ளியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாய். சித்திரையில் குண்டு தூக்கும் பந்தயம் இருக்கிறது, அதுவரை ஒரு பருக்கை சோறு, ஒரு வாய் கூழ் தொடமாட்டேன் என்று கர்லாக்கட்டையைத் தொட்டுச் சத்தியம் செய்திருப்பதாகச் சொன்னாய். கறி, ஈரல், முட்டை, எலும்பு ரசம், இவ்வளவுதான் சாப்பாடு. "சோறு வெறும் தண்ணிப்பா. வயித்த நெறப்பும், தோளுக்கு ஏறாது" என்றாய். வாய் உன்னுடையது, சொல் உன்னுடையது அல்ல என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

உன் வாத்தியாரை அவருடைய களத்திலேயே போய்ப் பார்த்தேன். நீ மில்லில் இருந்த நேரம். சர்க்கஸில் இருந்தவர் என்று சொன்னார்கள். மார்பு நெல் குதிர் போலத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. சுவரில் ஒரு வெள்ளைக்காரப் பயில்வானின் படம். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "புலி சோறா திங்குது? சிங்கம் கூழா குடிக்குது? அதுகளுக்கு இருக்க வலு நமக்கு இருக்கா?" என்று கேட்டார். இந்தப் பேச்சை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ, நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது. நான், "புலி ஒரு நா வேட்டையாடிட்டு மறுநா படுத்துத் தூங்கும் வாத்தியாரே. எம் மகன் விடிஞ்சா மில்லுல நிக்கணும், ஊருக்கு வந்தா கமலை ஓட்டித் தண்ணி எறைக்கணும். புலிய ஏர்ல பூட்டிப் பாத்திருக்கீகளா?" என்றேன். அவர் சிரித்தார். வெளியே வந்து, அவர் குடியிருக்கும் சந்தின் புறவாசல் பக்கமாக ஒரு நடை நடந்து பார்த்தேன். வடிகஞ்சி வாசம் வந்தது. அந்தச் சோறு அவருக்கா, அவர் வீட்டில் மற்றவர்களுக்கா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. ஆனால் வாசம் வந்தது.

அடுத்து, குஸ்திப் பள்ளிக்குக் கறி கொடுக்கும் பாயைத் தேடிப் போனேன். வாத்தியாருக்கும் கடைக்காரருக்கும் ஏதோ உள்பேச்சு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எவனாவது சோற்றைப் பழிப்பானா என்பது என் கணக்கு. சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். பாய் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, கறி விக்கிற நானே சொல்றேன், கேட்டுக்கங்க. வீட்டுக்குப் போனா ஒரு வட்டில் சோத்தப் போட்டு, அது மேல சால்னாவ ஊத்தித்தான் திங்கிறேன். வெறுங் கறியத் தின்னு நாளெல்லாம் எவனால கட்டையில வெட்ட முடியும்? ஒங்க பையன்ட்ட நானும் சொல்லிப் பாத்துட்டேன். வாத்தியார் சொல்லிட்டார்ங்குது" என்றார். தன் வியாபாரத்துக்கு எதிராக ஒருவர் பேசுகிறாரே, இதில் என்ன சூது இருக்கும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மனிதர் நல்லவராக இருக்கலாம் என்று ஊர் எல்லை வந்த பிறகுதான் தோன்றியது.

நான் கறிக்கு எதிரி இல்லை. நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். அந்த மாதங்களில் உன் தோள் விரிந்தது, கழுத்து தடித்தது. களத்து மேட்டில் கிடக்கும் இளவட்டக்கல்லை நீ நெஞ்சுக்குத் தூக்கியபோது நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று பார்த்தேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு முறை தூக்குவது வேறு, மறுநாளும் அதற்கு மறுநாளும் தூக்குவது வேறு. நானும் உன் தாய்மாமனும் இளவட்டத்தில் ஒரு கிடா வெட்டு முடிந்து, மிஞ்சிய கறியை உப்புக்கண்டம் போட்டு, சோறே இல்லாமல் தின்று காட்டுகிறோம் என்று வீம்பு பிடித்தோம். முதல் நாள் ராஜா மாதிரி இருந்தது. மறுநாள் கமலையில் மாட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது, வெயில் ஏற ஏற, கை நனைந்த கயிறு போலத் தொங்கியது. முதல் நாள் வேலையின் வலி உடம்பைவிட்டுப் போகவே இல்லை. உன் மாமா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கம்பங்கூழைக் கரைத்து வெங்காயத்தோடு குடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் எங்களுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. தசையைக் கறி கட்டட்டும். அந்தத் தசையை மறுநாள் எழுப்பி வேலைக்கு அனுப்புவது சோறும் கூழும்தான். என் உடம்பு எனக்குச் சொன்னது இது. நான் சந்தேகப்படாத ஒரே சாட்சி என் உடம்பு.

பிறகு பங்குனி வந்தது. மில்லில் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து, சப்பரம் தூக்கும் மற்ற தோளாட்களோடு நின்று நீயும் காப்புக் கட்டிக்கொண்டாய். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் சப்பரம் கோயிலுக்குத் திரும்பும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது, கறி, மீன், முட்டை வாசம்கூடப் படக்கூடாது. எனக்கு உடனே சந்தேகம் வந்தது. சோறு தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவன், கறியும் தொடாமல் எப்படி இருப்பான்? எங்கோ ஒளித்து வைத்துத் தின்னத்தான் போகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். நீ விடியற்காலையில் சமண மலைப் பக்கம் தண்டால், பஸ்கி எடுக்கப் போனபோதெல்லாம் பனைமரத்துக்குப் பனைமரம் மறைந்து பின்னால் வந்தேன். உன் அம்மா பார்த்துவிட்டாள். "பெத்த புள்ள பின்னாடி களவாணி மாதிரி போறீகளே, ஒங்களுக்கே நல்லாருக்கா?" என்றாள். நல்லாத்தான் இல்லை. ஆனாலும் போனேன். நீ பயிற்சி எடுத்தாய், ஊற்றுத் தண்ணீர் அள்ளிக் குடித்தாய், பாறையில் படுத்தாய். உன் துணி மூட்டையைக்கூட நீ குளிக்கும்போது மோந்து பார்த்தேன். கறி இல்லை. வீட்டுக்கு வந்தால், உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று சோற்று வட்டிலைத் தொழுவத்துக்கு எடுத்துக்கொண்டு போனாய். வட்டில் கழுவிக் காலியாகத் திரும்பி வந்தது. சரி, சத்தியத்தை விட்டுவிட்டுச் சோறு தின்கிறான் என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

திருவிழா அன்று உச்சி வெயிலில் சப்பரம் கிணற்று முக்கில் திரும்பும்போது உன் முழங்கால் மடங்கியது. நான் பக்கவாட்டில் நடந்து வந்துகொண்டிருந்தேன். உன் முகம் சாம்பல் பூத்திருந்தது. வாரை உன் தோளிலிருந்து நழுவி, சப்பரம் ஒரு பக்கமாகச் சரிந்து, ஆத்தாள் கழுத்து மாலை தெருப் புழுதியில் விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் எப்படியோ முட்டுக் கொடுத்துவிட்டார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் கூட்டத்தில் இருந்து ஒரு குரல், "காப்புக் கட்டுன கையோட கறி தின்னுருக்கான்டா. அதான் ஆத்தா தள்ளிவிட்டுட்டா!" என்றது. அவ்வளவுதான். நீ மதுரையில் வெறும் கறி தின்று வளர்ந்தவன் என்று ஊருக்கே தெரியும். எல்லோர் வாயிலும் அதே பேச்சாகிவிட்டது.

மறுநாள் சாவடியில் கூட்டம் போட்டார்கள். உன்னை நடுவில் நிறுத்தி, முன் வாரையை நம் வீட்டிலிருந்து எடுத்துவிடுவது என்று பேசினார்கள். நீ தலை நிமிர்ந்து, "நான் தின்னல" என்று ஒரு முறை சொன்னாய். யாரும் கேட்கவில்லை. ஊர் முழுக்க ஒரே பேச்சைப் பேசினால் எனக்கு அதன்மேல் சந்தேகம் வந்துவிடும், அது என் பிறவிக் குணம். எழுந்து, "அவன் தின்னல. எனக்குத் தெரியும்" என்றேன். "பெத்தவன் அப்பிடித்தான் சொல்லுவீரு. நீரு பாத்தீரா?" என்று பெரியவர் கேட்டார். "பாத்தேன். காப்புக் கட்டுன நாள்ல இருந்து அவன் பின்னாடியே போனேன். பனைமரத்துல ஒளிஞ்சு நின்னு பாத்தேன். அவன் துணிமணிய மோந்து பாத்தேன். கறி தொடல" என்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உன்னைக் காப்பாற்ற என்னிடம் இருந்த சாட்சி அது ஒன்றுதான், அதைச் சொல்லாமல் எப்படி இருப்பேன்? ஆனால் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே ஒரு பார்வை. ஊர் உன்னைச் சந்தேகப்பட்டபோது வராத தண்ணீர் அப்போது உன் கண்ணில் வந்தது. அதோடு பெரியவர் விட்டாரா? "அப்ப அம்புட்டு நாளும் அவன் என்னதான்யா தின்னான்? அதச் சொல்லும்" என்றார். "சோறுதான், வேறென்ன? வட்டில் காலியாத்தான திரும்பி வந்துச்சு" என்றேன். நீ குறுக்கே புகுந்து, "ஒண்ணும் திங்கல" என்றாய். சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மதுரை ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டாய். அதன் பிறகு நீ வீட்டுப் படி ஏறவில்லை, தைப் பொங்கலுக்குக்கூட.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. வேறு யார் மூலமாகவும் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும்போது என்ன ஆகுமோ யார் கண்டது. நம் மஞ்சுவிரட்டுக் காளை காப்பு நாட்களில் வைக்கோலைத் தொடாமல் வயிறு உப்பிக் கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரன் மருந்து வைத்துவிட்டான் என்று அவனோடு பேச்சையே நிறுத்தியிருந்தேன். நீ போன அன்று காளையின் தீவனத் தொட்டியைச் சுத்தம் செய்யலாம் என்று கையை விட்டேன். வைக்கோலுக்கு அடியில், மூலையில், காய்ந்துபோன சோறு அப்பிக் கிடந்தது. உன் அம்மா வைத்த துவரம்பருப்பின் மஞ்சள் அதில் அப்படியே இருந்தது. வட்டில் ஏன் காலியாகத் திரும்பியது, காளை ஏன் இரை எடுக்கவில்லை, உன் கால் ஏன் மடங்கியது, எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆத்தாளுக்குக் கட்டிய காப்புக்காகக் கறியை விட்டாய். வாத்தியாருக்குச் செய்த சத்தியத்துக்காகச் சோற்றை விட்டாய். அம்மா மனம் நோகக் கூடாது என்று மாட்டுக்குப் போட்டாய். வெறும் தண்ணீரையும் மோரையும் குடித்துவிட்டுத் தண்டாலும் எடுத்தாய். யாரையும் ஏமாற்றாமல் இருக்கப் பார்த்து உன் வயிற்றை ஏமாற்றிவிட்டாயே, மடையா.

தொட்டியைச் சுரண்டி, அந்தச் சோற்றைச் சுளகில் போட்டு எடுத்துக்கொண்டு நேராகச் சாவடிக்குப் போனேன். பெரியவர் ஒரு பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒம் மகன் சோறுன்னு எப்பிடி நம்புறது?" என்றார். என்னைப் போல் இன்னொரு ஆள் ஊரில் இருக்கிறார் என்று அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு ஆறுதல். "எங்க வீட்டுல மிஞ்சுன சோறு மாட்டுக்குப் போகாது. நீச்சத்தண்ணி ஊத்தி வச்சு மறுநா நான்தான் திம்பேன். ஊரக் கேளுங்க" என்றேன். அதற்குள் உன் அம்மா வந்துவிட்டாள். சாவடி வாசலில் நின்று, "அது நான் எம் புள்ளைக்குப் போட்ட சோறு. எங் கையால பெசஞ்சு போட்ட பருப்பு எனக்குத் தெரியாதா? கறி தின்ன புள்ளையா வெயில்ல சுருண்டு விழுகும்?" என்று கேட்டாள். ஆத்தா தள்ளவில்லை, பசி தள்ளியிருக்கிறது என்று பெரியவரே சொன்னார். முன் வாரை நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரனிடமும் போய்ப் பேசிவிட்டேன். அவன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ஒன்றை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. காப்பு நாள் முழுக்க என் கண் உன்மேல்தான் இருந்தது. நீ எதைத் தின்றுவிடுவாயோ என்றுதான் பார்த்தேனே தவிர, நீ சாப்பிட்டாயா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. பெற்றவன் முதலில் பார்க்க வேண்டியது அதுதானே. தீபாவளி சமயம் உன்னைக் கூப்பிட்டுவர மில் வாசலுக்கு வந்தேன். சங்கு ஊதி நீங்கள் எல்லோரும் வெளியே வந்தபோது, என்னை அறியாமலே ஒரு பார வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீ ஒரு கூட்டாளியோடு சிரித்துக்கொண்டே போனாய். கூப்பிட்டால், இன்னும் ஒளிந்துதான் பார்க்கிறாயா என்று கேட்டுவிடுவாயோ என்று பயந்து, பாய் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பந்தயத்தில் உன்னால் குண்டை இடுப்புக்கு மேலே ஏற்ற முடியவில்லை என்றும், அன்றே உன்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறும் சால்னாவும் போட்டதாகவும் பாய் சொன்னார். "புள்ள கேட்டு கேட்டு வாங்கித் தின்னுச்சுண்ணே. இப்ப வாராவாரம் வருது. ஆளு தேறிருச்சு" என்றார். உண்மையைத்தான் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னாரா என்று தெரியவில்லை. உண்மையாகவே இருக்கட்டும்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு எவ்வளவு இருக்கிறதோ தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன். கறி தின்னு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈரல் தின்னு, எலும்பு ரசம் குடி. கூடவே சோறு தின்னு, கூழ் குடி. உடம்பு வலித்தால் ஒரு நாள் படு. ஒரே சாமானை மட்டும் காட்டி இதுதான் வலு என்று எவன் சொன்னாலும், அவன் வீட்டுப் புறவாசல் பக்கம் ஒரு நடை போய்ப் பார். வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் சந்தேகப்படு. என்னிடம் இருப்பதில் பாதியை எடுத்துக்கொள், எனக்கும் பாரம் குறையும்.

திங்கட்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்துவிடு. உன் அம்மா இப்போதே அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். நீ சாப்பிட உட்காரும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். பனைமரப் பக்கம் போகமாட்டேன், உன் மூட்டையைத் தொடமாட்டேன், வட்டிலில் என்ன மிச்சம் என்று எட்டிப் பார்க்கமாட்டேன். ஆத்தா மேல் ஆணை. காலையில் எழுந்ததும் மாட்டுத் தொட்டியில் மட்டும் ஒரு தடவை கையை விட்டுப் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா